பலகைத் தரைக்கு அடியில் வெப்பக்காப்பு: ரிங்லெட்டில் செய்து கொண்ட வேலை

மலேசியாவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 பாகை செல்சியஸ், 1978-இல் கேமரன் மலையில்தான் பதிவானது. இங்குள்ள தேயிலைத் தோட்டத்துப் பலகை வீட்டில் மழைக்கால இரவைக் கழித்தவர்களுக்கு அது வியப்பாக இராது. தூண்களின் மேல் நிற்கும் எங்கள் வீட்டில், பலகை இடுக்குகளின் வழியே ஏறிய குளிர் அம்மாவின் மூட்டுகளை வாட்டியதால், தரையின் அடிப்பக்கத்தில் வெப்பக்காப்புப் பொருத்தும் வேலையை கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரு சிறு குத்தகையாளரிடம் ஒப்படைத்தோம்.

வெப்பக்காப்புப் பஞ்சைத் தொடுவதற்கு முன்பே அவர் மண்ணைக் கவனித்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூரைத் தண்ணீர் வீட்டடிக்குள் புகாதபடி கால்வாயைத் திருத்தி, 0.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலித்தீன் விரிப்பை மண் முழுவதும் பரப்பி, விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினார். நிலத்து ஈரம் மேலே ஏறிக்கொண்டிருந்தால் பஞ்சு கனத்துத் தொங்கிவிடும். குளிரைத் தடுக்காததோடு பலகையையும் உளுக்கச் செய்யும். அதன் பிறகே ராக்வுல் எனப்படும், பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சைத் தரைக்கட்டைகளுக்கு இடையில் செருகி, விழாமலிருக்கக் கம்பி வலை அடித்தார். பஞ்சுக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி இருந்தால் அதற்குள் குளிர்காற்று ஓடும். அழுத்தித் திணித்தாலோ, வெப்பத்தைத் தடுக்கும் காற்று பஞ்சினுள் தங்காது. இரண்டடி உயரமே உள்ள இடத்தில் முகமூடியும் கையுறையும் அணிந்து மல்லாந்தபடி இவ்வளவு பொறுமையாக வேலை செய்ததற்கு நான் நன்றியுடையவன்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. தூண் தலைகளையும் உத்தரங்களின் நுனிகளையும் பஞ்சால் மூடிவிட்டார். கறையான் மண்குழாய் கட்டி ஏறும் வழி அதுவே. கண்ணில் படாவிட்டால் உத்தரம் உள்ளே அரிக்கப்பட்டு வெறுங்கூடாகும் வரை நமக்குத் தெரியாது. சுட்டிக்காட்டியதும் மறுவாரமே வந்து, ஒவ்வொரு தூணைச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்திற்குப் பஞ்சை வெட்டி எடுத்தார்; கூடுதல் கூலி கேட்கவில்லை.

இப்போது அம்மா விடியற்காலையில் காலுறையின்றிச் சமையலறைக்குப் போகிறார். ஆயினும் அடிவாரத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இச்செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே வெப்பம் தகரக் கூரையிலிருந்து இறங்குவதால், பஞ்சும் கூரையில்தான் தேவை. மலையில் இருப்பவர்கள் இந்தக் குத்தகையாளரைத் தாராளமாக அழைக்கலாம். தூண் தலைகளை மூட வேண்டாமென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.