செம்பருத்தி, நந்தியாவட்டை, தாமரை: வாட்டர்கலரிலும் ஆயிலிலும் நெடுநாள் வரைந்ததில் தெரிந்தவை

பூ வரைய வண்ணம் வாங்கும்போது ட்யூபைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் நிறமி எண் இருக்கும். எந்த நிறப்பொடியால் செய்தது என்று சொல்லும் குறியீடு அது (பி.ஆர். என்றால் சிவப்பு, பி.வி. ஊதா, பி.டபிள்யூ. வெள்ளை). எண்ணே அச்சிடாத ட்யூபை இலை, தண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், இதழுக்கு வேண்டாம். பூ ஓவியத்தில் முதலில் கெட்டுப்போவது சிவப்பும் ரோஸும்தான்.

அலிசரின் கிரிம்சன் (பி.ஆர். 83) செம்பருத்தியின் அடித்தொண்டைக்கு (இதழ்கள் கூடும் நடுக்குழி) அப்படியே பொருந்தும் நிறம். ஆனால் நீர்த்துத் தடவிய இடத்தில், ஜன்னல் வெளிச்சம் படுகிற சுவரில் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். ஆயிலில் மெல்லிய பூச்சாகப் போட்டாலும் அதே கதிதான். ஓபரா பிங்க் இன்னும் மோசம். அதன் ஜொலிப்பு ஒளிரும் சாயத்தால் வருவது. சாயம் போனதும் அடியிலிருக்கும் சாதாரண மஜெந்தாதான் மிஞ்சும். வான்கோ 1890இல் வரைந்த ரோஜாக்கள் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன. அவை இளஞ்சிவப்பாக இருந்தவை. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் போய்விட்டது. அலிசரின், ஓபரா இரண்டுக்கும் பதிலாகக் குவினாக்ரிடோன் ரோஸ் (பி.வி. 19) வாங்குங்கள். அதோடு பைரால் சிவப்பு (பி.ஆர். 254) ஒன்று இருந்தால் செம்பருத்தி, ரோஜா, தாமரை மூன்றும் நடக்கும்.

சந்தேகமான ட்யூப் கையில் இருந்தால் ஒரு பட்டை தடவி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்கு ஜன்னல் கண்ணாடியில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். தாளை எடுத்ததும் இரண்டு பாதிக்கும் நிற வேறுபாடு தெரிந்தால் அந்த ட்யூபைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது காகிதம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), 100 சதவீதம் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது). இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்; சிக்கனம் வேண்டுமானால் அளவில் பாருங்கள். 22 x 30 அங்குல முழுத்தாளை எட்டாக வெட்டினால் 7.5 x 11 அங்குலம் வரும். ஒற்றைப் பூவுக்கு அது தாராளம். மரக்கூழ்க் காகிதத்தில் ஈரம் மேலேயே நின்று, ஓரத்தில் கறையாகக் காயும். இதழின் நரம்பை ஈரப் பிரஷால் எடுக்கப் போனால் காகிதமே திரிதிரியாக வரும்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் பருத்திக் காகிதத்துக்கும் ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் திறந்து வைத்த தாளில், நிறம் சட்டென்று ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு கெட்டுப்போகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது; வாஷ் (நீர்த்த நிறப்பூச்சு) போட்டதும் அங்கங்கே மையொற்றும் தாள் மாதிரி உறிஞ்சிப் புள்ளிபுள்ளியாகும். அந்தத் தாளை மீட்க முடியாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பாலித்தீன் உறையில் மூடி, சுவரை ஒட்டாத அலமாரியில் வைத்தால் தப்பும்.

இனி செம்பருத்தி. பூ காலையில் விரிந்து மாலைக்குள் சுருண்டுவிடும். தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான். எனவே ஏழு மணிக்குப் பறித்து, முதல் ஒரு மணி நேரத்தில் நிறத்தை முடித்துவிடுங்கள். வடிவத்தைப் பின்னால் புகைப்படம் பார்த்துக்கூடச் சரிசெய்யலாம். முதலில் நடுத்தண்டையும் அதன் மஞ்சள் மகரந்தப் பொட்டுகளையும் பல்குச்சி நுனியால் மாஸ்க்கிங் ஃப்ளூயிட் (நிறம் படாமல் மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்) தொட்டு மூடுங்கள். அன்றே உரித்துவிட வேண்டும். மே மாத வெயிலில் இரண்டு நாள் விட்டால் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு, உரிக்கும்போது மேல்தோலையும் கொண்டுபோகும்.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு இதழ். சுத்தமான தண்ணீரால் அதை நனைத்து, பளபளப்பு அடங்கி மினுமினுப்பு மட்டும் மிஞ்சும்வரை பொறுங்கள். அப்போது ஓரத்திலிருந்து பைரால் சிவப்பு, தொண்டைப் பக்கத்திலிருந்து பி.வி. 19, நடுவில் அவை தாமாகக் கலக்கட்டும். பளபளப்பு இருக்கும்போதே அவசரப்பட்டால் நிறம் ஓரத்துக்கு ஓடிவிடும். மினுமினுப்பும் போன பிறகு தொட்டால் பூக்கோஸ் மாதிரி விளிம்புக் கறை விழும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த இடைவெளி ஒரு நிமிடம்கூட நிற்காது. நரம்புகளைக் கருஞ்சிவப்புக் கோடாக இழுப்பதுதான் பலரும் செய்கிற தவறு. இதழ் ஈரமாக இருக்கும்போதே, பிழிந்த தட்டைப் பிரஷின் விளிம்பால் ஒவ்வொரு நரம்பாக நிறத்தை எடுத்துவிடுங்கள். பைரால் காகிதத்தில் ஊறிப் பிடிக்கிற நிறம், காய்ந்த பின் அசையாது. தொண்டையின் இருட்டுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள், பி.வி. 19இல் தாலோ பச்சை (நீலச் சாயலுள்ள கடும் பச்சை) ஒரு துளி கலந்தால் ஆழமான ரத்தச் சிவப்பு வரும். எல்லாமே காய்ந்ததும் ஒரு படி வெளிறும், ஈரத்தில் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிற அளவே சரி.

நந்தியாவட்டையில் இலையை முதலில் முடியுங்கள். வெள்ளை என்பது காகிதம்தான், அதைச் சுற்றிக் கரும்பச்சை வந்த பிறகே நிழல் எவ்வளவு குறைவாகப் போதும் என்று கண்ணுக்குத் தெரியும். நிழலை முதலில் போட்டால் கட்டாயம் அதிகமாகி, பூ அழுக்குத் துணி போல ஆகிவிடும். அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கொஞ்சம் கலந்த, தண்ணீரைவிடச் சற்றே நிறமான சாம்பல் போதும். சங்குப்பூவுக்கு அல்ட்ராமரினும் சிறிது பி.வி. 19உம். அல்ட்ராமரின் காகிதத்தில் துகளாகப் படிவதைப் பலர் குறையாகச் சொல்வார்கள்; அந்தப் பூவின் வெல்வெட் தன்மைக்கு அதுதான் அழகு.

தாமரைக்கு என் ஓட்டு ஆயிலுக்குத்தான். இதழின் கனமும் நுனியில் ரோஸ் திரளும் விதமும் வாட்டர்கலரில் இவ்வளவு நிறைவாக வருவதில்லை. மொட்டாக நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள், வெட்டிய தாமரை இதழ் ஓரிரு நாளில் கறுத்துவிடும். முதல் நாள் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பை டர்பன்டைனில் நீர்த்து நிழல் மட்டும் போட்டு வையுங்கள். அம்பர் சீக்கிரம் காயும். மறுநாள் அடுத்த மொட்டை விரித்து நிறத்துக்குப் போகலாம்.

வெள்ளையையும் ரோஸையும் பேலட்டில் கலந்தே இதழ் முழுவதையும் போட்டால் சுண்ணாம்பு அடித்தது போல மங்கும். டைட்டானியம் வெள்ளை அவ்வளவு அடர்த்தி. இதழை முதலில் ரோஸ் தொட்டும் தொடாததுமான வெள்ளையில் உருவாக்கி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் பி.வி. 19ஐ அடிநிறம் தெரியும்படி மெல்லிய கண்ணாடிப் பூச்சாக (கிளேஸ்) நுனியிலிருந்து இழுத்து, உலர்ந்த மென்பிரஷால் அடிப்பக்கம் கரைத்துவிடுங்கள். இதற்கு ஒரு பங்கு ஸ்டாண்ட் ஆயில் (சூடாக்கிக் கெட்டியாக்கிய ஆளிவிதை எண்ணெய்), இரண்டு பங்கு டர்பன்டைன் போதும். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம் என்ற வரிசை மாறக்கூடாது. மெதுவாகக் காயும் அடுக்கின்மேல் சீக்கிரம் காயும் அடுக்கு வந்தால் மேலடுக்கு வெடிக்கும். பி.வி. 19 மெதுவாகக் காய்வது என்பதால் அதைத் தடிமனாக அடியில் போடக்கூடாது.

வெள்ளை ட்யூபிலும் நிறமி எண் பாருங்கள். பி.டபிள்யூ. 4 என்றால் ஜிங்க். ஆண்டுகள் போக அது நொறுங்கும் தன்மைக்கு வரும். பி.டபிள்யூ. 6 டைட்டானியம். எண்ணெய் ஆளிவிதையாக இல்லாமல் குசும்பா அல்லது வால்நட் எண்ணெயில் அரைத்ததாக இருந்தால் வெள்ளை இதழ் மஞ்சளிப்பது குறைவு. ஆனால் அவை மெதுவாகக் காயும், மேலடுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பீரோவுக்குள் இருட்டில் வைத்த ஆயில் ஓவியம் மஞ்சளித்தால் பதற வேண்டாம். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தெளியும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவியலாக இருந்தால் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடிபோட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

வாட்டர்கலரைச் சட்டமிடும்போது கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி இடையில் மவுன்ட் (அட்டை விளிம்பு) வையுங்கள்; தொட்டால் அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். ஆயிலுக்கு மரபான வார்னிஷ் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து. தாமரையின் வெள்ளை தடிப்பாக இருந்தால் ஒரு வருடமே சரி.