பழைய இழுவைப் படகு வாங்கப் போகிறீர்களா? எண்ணூரில் எங்களை ஏமாற்றிய விதம்

சென்னைப் பக்கம் பழைய சிறிய இழுவைப் படகு (வலையை இழுத்து மீன் பிடிக்கும் டிராலர்) ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, தங்குவதற்கு அறை கட்டி, கரையோரமாகப் புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று நிதானமாகப் போய்வர நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் கட்டி வைத்திருக்கும் ஒரு படகை என்னிடமும் என் மைத்துனரிடமும் "முழு ஃபைபர், கடல் எஞ்சின், ஆவணங்களில் வில்லங்கம் இல்லை" என்று சொல்லி விற்க முயன்றார்கள். மூன்றும் பொய். நாங்கள் கொடுத்த மூன்று லட்சம் ரூபாய் முன்பணம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இழுவைப் படகைத் தேடியதற்குக் காரணம் உண்டு. மெதுவாகப் போகும், கனமான உடல், அலையில் எளிதில் தத்தளிக்காது, டீசல் குறைவாகக் குடிக்கும், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். வெளிநாடுகளில் இந்த வடிவத்தையே உல்லாசப் பயணத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 1960களில் ஹாங்காங்கில் கட்டத் தொடங்கிய கிராண்ட் பேங்க்ஸ் படகுகளும் பின்னால் தைவானில் கட்டிய இதே வகைப் படகுகளும் இன்றும் அங்கே பழைய படகு விலைக்குக் கைமாறுகின்றன. அவற்றை இங்கே கொண்டுவந்தால் கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்து, மலிவு என்ற பேச்சே இல்லாமல் போய்விடும். அதனால் காசிமேட்டிலோ நாகையிலோ ஓடிய 35, 40 அடி மீன்பிடிப் படகை வாங்கி மாற்றிக் கட்டுவதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வழி. அது நல்ல வழி என்றுதான் இப்போதும் நம்புகிறேன்.

அந்த மூன்றும் போக, வேகத்தைப் பற்றியும் ஒரு பொய் சொன்னார்கள். அதை ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். "மணிக்கு 12 கடல் மைல் போகும் சார், காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாடு பாண்டிச்சேரியில்" என்றார் தரகர். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் கனமான படகுக்கு ஓர் எல்லை இருக்கிறது. நீர்மட்டம் படகின் உடலைத் தொடும் நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்க வேண்டும். அந்தப் படகின் நீர்க்கோடு 33 அடி. கணக்குப் போட்டால் மணிக்கு 7.7 கடல் மைல் வரும். அதற்கு மேல் முறுக்கினால் டீசல் எரியுமே தவிர வேகம் பெரிதாகக் கூடாது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடல்வழியாகச் சுமார் 75 கடல் மைல். முழுப் பகலும் ஆகும். வேகத்தைப் பற்றிக் கூசாமல் பொய் சொல்பவர், கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தைப் பற்றி உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

அடிப்பாகத்துக்கு வருகிறேன். இங்கேதான் பணமும் உயிரும் போகும்.

முழு ஃபைபர் படகு என்றால் அச்சில் வார்த்தது. இவர்கள் காட்டியதோ, பழைய மரப் படகின் மேல் ஃபைபர் தோல் போர்த்தியது. மரத்துக்கு மேல் ஃபைபர் அடிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. மீனவர்கள் அதை நல்ல காரணத்துக்காகவே செய்கிறார்கள். கடலில் மரத்தைத் துளைக்கும் உயிர் ஒன்று உண்டு. கப்பல் புழு என்பார்கள். உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது ஊசிமுனை அளவு துளை வழியாக நுழையும். உள்ளே வளர வளரப் பலகையைக் குடைந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை முழுதாகவே தெரியும். இதைத் தடுக்கத்தான் ஃபைபர் தோல். உலர்ந்த நல்ல மரத்தில், தரமான பிசினால் அடித்தால் பல ஆண்டுகள் தாங்கும். ஏற்கெனவே குடைந்துபோன, ஈரம் ஊறிய மரத்தின் மேல் அடித்தால் அது சொத்தைப் பல்லுக்கு உறை போட்டது போலத்தான். மேல்தளத்துப் பொருத்துகள் வழியாக இறங்கும் மழைநீர் தோலுக்கும் பலகைக்கும் நடுவில் தங்கிவிடும். மரத்தை மக்கச் செய்வதில் உப்பு நீரைவிட நல்ல நீர் கொடியது. இதைப் பலர் நம்பமாட்டார்கள். படகு கட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். தெரிந்திருக்கும். தரைப்பலகையைத் தூக்கியதும் வங்குகளும் (விலா எலும்பு போன்ற குறுக்கு மரங்களும்) பலகைகளும் கண்ணில் பட்டால் அது மரப் படகு. அதனால்தான் உள்பக்கம் முழுவதும் ஒட்டுப்பலகை அடித்து, ரெக்ஸின் ஒட்டி, மெத்தை போட்டு அழகாக மூடியிருந்தார்கள். ஒரே ஒரு பலகையைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்டோம். "புது வேலை சார், கெட்டுவிடும்" என்றார்கள். உள்ளே பார்க்கவிடாத படகை உடனே விட்டு விலகுங்கள். எவ்வளவு நல்ல மெத்தையாக இருந்தாலும் சரி.

தூக்கிப் பார்க்க வேண்டும் என்றதும் அடுத்த கதை தொடங்கியது. அது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் மீனவர்கள் படகுகளைக் கரையேற்றிக் கலப்பத்து பார்ப்பார்கள் (பலகை இடுக்குகளை அடைப்பார்கள்), வண்ணம் அடிப்பார்கள், சுக்கானையும் விசிறியைச் சுழற்றும் தண்டையும் சரிசெய்வார்கள். "எல்லா இடமும் நிரம்பிவிட்டது, இப்போது முன்பணம் கொடுத்து உறுதிசெய்யுங்கள், ஜூனில் ஏற்றிக் காட்டுகிறோம், வேறு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றார் தரகர். இடம் கிடைக்காது என்பது உண்மைதான். அந்த உண்மையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்துக் குறை இருந்தால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தோம்.

இங்கிலாந்து போன்ற இடங்களில் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) வடியும்போது படகு தானாகத் தரைதட்டி நிற்கும், சுற்றிவந்து பார்த்துவிடலாம். சென்னையில் ஓத ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இங்கே கிரேன் வேண்டும், அல்லது சாய்தளத்தில் இழுத்து ஏற்ற வேண்டும்.

எங்கள் செலவில் கிரேன் வரவழைத்தோம். நாகப்பட்டினத்திலிருந்து வந்து காசிமேட்டில் வேலை செய்யும் வயதான ஓடாவி (படகு கட்டும் தச்சர்) ஒருவரையும் அழைத்துப் போனோம். உள்ளே தேங்கிய நீரை இறைத்துவிட்டுத்தான் தூக்கினார்கள். கிரேனின் பட்டைகள் இறுகியதும் அடிப்பாகத்துத் தோல் நெறுநெறுவென்று சத்தம் போட்டது. ஏராவின் (படகின் அடிமரத்தின்) ஓரத்திலிருந்து பழுப்பு நிறத்தில் நீர் வடியத் தொடங்கியது, நிற்கவே இல்லை. ஓடாவி சின்ன மரச்சுத்தியால் முன்பக்கமான அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்ற ஒலி. நடுப்பகுதியில் மந்தமாகியது. பின்பக்கமான அமரத்துக்குப் பக்கத்தில் ஒலியே இல்லை. தண்டு வெளியே வரும் இடத்தில் தோல் விரிந்திருந்தது. உளியின் முனை கைப்பிடிவரை உள்ளே போனது. "இங்கே ஆணி பிடிக்காது சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஊறிய ரொட்டி விரலோடு வருவதுபோல மரம் கையோடு வந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். மரம் கையோடு வந்தது; அவ்வளவுதான். இந்த இடத்துக்கு மேலேதான் என் மனைவியும் மைத்துனரின் பிள்ளைகளும் படுத்து உறங்கும் அறையை அமைத்திருந்தார்கள். அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் அடங்கவில்லை.

எஞ்சினைப் பற்றி. "கடல் எஞ்சின்" என்றது லாரி எஞ்சின். அது மட்டும் குற்றமில்லை. அந்தப் பழைய வெளிநாட்டுப் படகுகளில் பேர்பெற்ற ஃபோர்டு லேமன் எஞ்சினே ஃபோர்டின் லாரி வகை டீசல் எஞ்சினைக் கடலுக்கு ஏற்ப மாற்றியதுதான். மாற்றுவது எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஞ்சினுக்குள் நல்ல நீர் மட்டும் சுற்ற வேண்டும்; கடல்நீர் தனிக் குழாய்களில் ஓடி அந்த நல்ல நீரைக் குளிர்விக்க வேண்டும்; எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்க்கும் நீர்க்குளிர்ச்சி வேண்டும். இந்தப் படகில் கடல்நீரையே நேராக எஞ்சினுக்குள் விட்டிருந்தார்கள். இரும்பு உள்ளிருந்து அரித்துக்கொண்டு போகும். மேலே மட்டும் பளபளவென்று பச்சை வண்ணம்.

நாங்கள் போகும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் முன்பே சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் சார் ஓட்டி வைத்தோம்" என்பார்கள். சொல்லாமல் ஒரு நாள் விடியற்காலையில் போய், குளிர்ந்த எஞ்சினை எங்கள் முன்னால் கிளப்பச் சொன்னோம். நெடுநேரம் உறுமிவிட்டுக் கிளம்பியது. நீலப் புகை, எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். அளவுக்கோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது, தண்ணீர் கலந்துவிட்டது. கழிமுகத்தில் நின்றபடி ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். வெளியே கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டி, வெப்பமானி ஏறுகிறதா, நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள்.

கடல்நீர் உள்ளே வரும் வால்வுகளையும் பாருங்கள். இங்கே வீட்டுக் குழாய் வேலைக்கு விற்கும் பித்தளை வால்வுகளைப் போட்டிருந்தார்கள். சாதாரணப் பித்தளை கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து உதிரும். நீர்க்கோட்டுக்குக் கீழே வெண்கலம் வேண்டும்.

படகின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தரும் சர்வேயர் விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது, ஏனென்றால் எங்கள் பணம் அங்கேதான் சிக்கியிருக்கிறது. தரகரே ஒருவரை அழைத்துவந்தார். அவர் படகைத் தூக்காமல், தரைப்பலகையைத் திறக்காமல், அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு அறிக்கை எழுதினார். "அச்சில் வார்க்கப்பட்ட ஃபைபர் உடல், நல்ல நிலை" என்று அதில் இருக்கிறது. இப்போது அந்த அறிக்கையைக் காட்டி, குறை எதுவும் இல்லை, நீங்கள்தான் பின்வாங்குகிறீர்கள், முன்பணம் கிடையாது என்கிறார்கள். விற்பவர் கொண்டுவரும் சர்வேயரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் உள்ளவரா, அந்த உரிமத்தில் கப்பல் உடல் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, நீங்களே அமர்த்தி, நீங்களே கூலி கொடுங்கள்.

ஆவணங்களும் இப்படித்தான். படகு மீன்பிடி விசைப்படகாக வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதன் மேல் கடனும் இருக்கிறது. மீன்பிடிப் படகாகப் பதிவானதைக் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போக ஓட்டினால் கடலில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. "வரிவிலக்கு டீசலும் கிடைக்கும் சார்" என்று ஆசை காட்டினார் தரகர். அது மீன்பிடித் தொழிலுக்காக அரசு கொடுப்பது. அதில் கை வைக்கச் சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் உரிமையாளர் யார் என்று நேரில் விசாரியுங்கள். நாங்கள் விசாரித்தபோது பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். தரகர் கூலி வாங்கிக்கொண்டு செய்தது சேவை என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிடுகிறோம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் காவல்துறையிலும் புகார் கொடுத்திருக்கிறோம். முதலில் வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

படகு இப்போதும் விற்பனைக்கு இருக்கிறது. எங்களுக்குக் காட்டியபோது வெள்ளையாக இருந்தது. உளி இறங்கிய இடத்தை அடைத்து, இப்போது கருநீல வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் போய்வந்த நண்பர் சொன்னார். 36 அடி நீளம், சிவப்பு ரெக்ஸின் அடித்த உள்ளறை, ரயில் பெட்டியிலிருந்து கழற்றியது போன்ற இரண்டு நீள ஜன்னல்கள், பச்சை எஞ்சின், விலை 11 லட்சம். யாராவது காட்டினால் அமரத்தின் வலப்பக்கம், தண்டு வெளியே வரும் இடத்துக்கு மேலே தட்டிப் பாருங்கள்.