மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் கோயில் குதிரைக்கு பெயிண்ட் அடிக்கிற அண்ணன் - என்னோட ரிவியூ

எங்க தோட்டத்து கோயில்ல முனியாண்டிக்கு ஒன்னு மதுரை வீரனுக்கு ஒன்னுனு ரெண்டு சிமெண்டு குதிரை நிக்குது, ஆடி திருவிழாவுக்கு முன்னாடி ரெண்டுக்கும் புதுசா பெயிண்ட் அடிக்க டவுன் பக்கம் இருக்கிற ஒரு அண்ணன்கிட்ட வேலைய குடுத்தோம். ஆள் தேடுறவங்க தாராளமா அவர கூப்பிடலாம், குதிரைய பாத்து அடிக்கிற மனுசன்.

முனியாண்டி குதிரை வெள்ளை. முன்ன அடிச்சவங்க மூக்கு வாயெல்லாம் ரோஸ் கலர் அடிச்சு வெச்சிருந்தாங்க, இவரு மொத வேலையா அத சுரண்டி எடுத்துட்டு கண்ண சுத்தி, மூக்கு நுனி, வாயோரம் எல்லாம் கரும்சாம்பல் குடுத்தாரு. அதான் சரி. வெள்ளைனு நாம சொல்ற குதிரைல முக்காவாசி பொறக்கும்போது கருப்பு, பழுப்புனு கலராதான் பொறக்கும், வருசம் போக போக முடி மட்டும் நரைக்கும், தோலு கருப்பாவே நிக்கும். ஈப்போ ரேஸ் கோர்ஸ்ல கிட்ட போய் பாத்தவங்களுக்கு இது தெரியும்.

மதுரை வீரன் குதிரைதான் பெரிய வேலை. கோயில் பெரியவரு பஞ்சகல்யாணியா வேணும்னாரு, நாலு காலும் மூஞ்சியும் வெள்ளை, பசங்களுக்கு ஒடம்புல வெள்ளை திட்டும் வேணும். முன்ன இருந்தது மாட்டு மேல அள்ளி தெளிச்ச மாதிரி கண்ட எடத்துல புள்ளி. இந்த அண்ணன் டோபியானோனு சொல்ற திட்டு வகை குதிரை போட்டோ போன்ல வெச்சிருந்தாரு, அந்த வகைல வெள்ளை முதுக தாண்டி ரெண்டு பக்கமும் எறங்கும், காலு நாலும் வெள்ளையா இருக்கும், தலை மட்டும் சொந்த கலர்லயே நெத்தில ஒரு பட்டையோட இருக்கும், அதனால பெரியவரு கேட்டதும் பசங்க கேட்டதும் ஒரே குதிரைல வந்துடுச்சு. ப்ரேம் ஓவெரோனு இன்னொரு வகை இருக்கு, அதுல வெள்ளை முதுக தாண்டாம விலாவுலயே நிக்கும், காலு பெரும்பாலும் கலராதான் இருக்கும் (அந்த ஜீன் தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்துட்டா குட்டி வெள்ளையா பொறந்து, குடல் வேலை செய்யாம சில நாள்லயே செத்துடும், பாவம்). பழைய பெயிண்ட்ல இது ரெண்டையும் போட்டு கொழப்பியிருந்தாங்க.

எனக்கு மனசு நெறஞ்சது பிடரி மயிருலதான். கழுத்துல வெள்ளை திட்டு ஏறுற எடத்துல மயிரும் வெள்ளை, பழுப்பு வந்ததும் மயிரு கருப்பு, நிஜ குதிரைல அப்படியேதான் இருக்கும். திட்டோட ஓரத்துல மெல்லிசா நீலம் கலந்த சாம்பல் கோடு ஒன்னு இழுத்திருக்காரு, கருப்பு தோலு மேல வெள்ளை முடி வர்ற எடம் அப்படித்தான் தெரியும், கிட்ட போய் பாருங்க, சொக்கிடுவீங்க.

கொறையும் இருக்கு. கொளம்பு நாலுக்கும் கருப்பு அடிச்சுட்டாரு, வெள்ளை காலுக்கு கொளம்பு பெரும்பாலும் வெளுத்த மெழுகு கலர்ல இருக்கும்ணேனு சொன்னேன், மொகம் சுளிக்காம மாத்தி குடுத்தாரு. கடைசி கோட்டு ரொம்ப பளபளப்பு, வெயில்ல கண்ணு கூசுது, மேட் வேணும்னா மொதல்லயே சொல்லிடுங்க. சொன்ன தேதிக்கும் முடிக்கல, மழை ஒரு காரணம், கைல வேற கோயில் வேலையும் நெறைய. திருவிழாவுக்கு மொத நாள் ராத்திரிதான் சாரத்த பிரிச்சோம்.

ரெண்டுக்கும் சேத்து 1,200 வெள்ளி (ரிங்கிட்), பெயிண்ட் சாமான் அடக்கம், அந்த வேலைக்கு நியாயமான காசு. ஆடிக்கு வேணும்னா தைப்பூசம் முடிஞ்ச கையோட போய் சொல்லி வெச்சுடுங்க.