கவுன்சில் வீடா, புதுத் தொகுதியில் பங்கு வீடா? நாங்கள் ஏன் இருந்த இடத்திலேயே இருந்தோம்

போன வருடம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான். வடமேற்கு லண்டனில் ஒரு கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளூராட்சி மன்றம் வாடகைக்குத் தரும் வீட்டில், இருக்கிறோம். இரண்டு அறை, இரண்டு பிள்ளைகள். நடக்கிற தூரத்தில் பெரிய அடுக்குமாடித் தொகுதி ஒன்று எழும்பி, அதில் ஒரு பங்கை வாங்கி மிச்சத்துக்கு வாடகை கட்டும் ஷெயார்ட் ஓனர்ஷிப் வீடுகள் விற்பனைக்கு வந்தன. இனி அதைப் பங்கு வீடு என்றே எழுதுகிறேன். மனைவியின் தம்பி வேறொரு தொகுதியில் மூன்று வருடத்துக்கு முன்னர் இப்படி ஒன்றை வாங்கியவர். "அத்தான், இன்னும் எவ்வளவு காலத்துக்கு வாடகை கட்டப் போறீங்கள்?" என்று வரும்போதெல்லாம் கேட்பார். போய்ப் பார்த்தோம், கணக்குப் போட்டோம், கடைசியில் வாங்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஏற்கனவே கவுன்சில் ரெனன்சி, அதாவது கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருக்கும் உரிமை, கையில் இருப்பவர்களுக்கான ஒப்பீடு. தனியார் வாடகையில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. கவுன்சில் பட்டியலில் வருடக்கணக்காகக் காத்திருக்கிறவரிடம் "கவுன்சில் வீடுதான் நல்லது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

புது வீடு புது வீடுதான். வெளிச்சம், லிஃப்ட், பல்கனி, குளிர் புகாத ஜன்னல் எல்லாம் உண்டு. எங்கள் வீட்டுக் குசினி பழசு. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

பங்கு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். 400,000 பவுண் பெறுமதியான வீட்டில் 25 சதவீதம் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் பங்கு 100,000. அதற்கு மோர்கேஜ், அதாவது வீட்டுக் கடன். மிச்சம் 300,000க்கு, அந்தப் பங்கை வைத்திருக்கும் வீடமைப்புச் சங்கத்துக்கு வாடகை கட்ட வேண்டும். வழக்கமான 2.75 சதவீதத்தில் அது வருடத்துக்கு 8,250, மாதத்துக்கு 687 பவுண் 50 பென்ஸ். அதற்கு மேல் சேர்விஸ் சார்ஜ், அதாவது கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக் கட்டணம். நீங்கள் வாங்கியது கால் பங்கு என்றாலும் சேர்விஸ் சார்ஜை முழுதாக நீங்களே கட்ட வேண்டும். மாதம் 250 என்று வைத்தால், மோர்கேஜுக்கு ஒரு பென்ஸ் கட்டுமுன்பே 937 பவுண் 50 பென்ஸ் போய்விடுகிறது. எங்கள் கவுன்சில் வாடகை இதைவிட நன்றாகக் குறைவு.

வாடகை இரண்டு பக்கமும் ஏறும். ஆனால் கவுன்சில் வாடகை ஏறுவதற்கு அரசாங்கம் வரம்பு வைத்திருக்கிறது: நுகர்வோர் விலையேற்றத்தோடு 1 சதவீதம். 2022 செப்டம்பரில் விலையேற்றம் 10.1 சதவீதமாக இருந்தபோது, அடுத்த ஏப்ரலில் 7 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அதையும் நிறுத்தினார்கள். சேர்விஸ் சார்ஜுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. "நியாயமானதாக இருக்க வேண்டும்" என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நியாயமில்லை என்று தோன்றினால் நீங்கள்தான் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் இந்தச் சேர்விஸ் சார்ஜ்தான். மச்சானுக்கு முதல் வருடம் மாதம் 180 பவுண் வந்தது. மூன்றாவது வருடம் 300ஐ நெருங்கிவிட்டது. கட்டடக் காப்புறுதி ஏறியது, லிஃப்ட் திருத்தினார்கள், வரவேற்பு மேசையில் ஆள் வைத்தார்கள். சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. அவர் கணக்கைக் காட்டியபோது, நாங்கள் பார்த்த தொகுதியிலும் இப்படி வருமா என்று முன்கூட்டியே அறிய வழியுண்டா என்று தேடினேன். வழி இருந்தது. அதன் பிளானிங் அனுமதிப் பத்திரங்கள் எல்லாம் கவுன்சிலின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம்.

இரண்டு வாரம் இரவுகளில் அவற்றை வாசித்தேன். லண்டனில் 150 வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் கவுன்சில் மட்டும் முடிவெடுக்க முடியாது, மேயரிடமும் போக வேண்டும். மேயரின் கட்டட வளர்ச்சித் திட்டமான 2021ஆம் ஆண்டு லண்டன் பிளான்படி, தனியார் காணியில் 35 சதவீதம் 'கட்டுப்படியாகும்' வீடுகள் கொடுத்தால் இலாபக் கணக்கைக் காட்டாமலே விரைவுப் பாதையில் போகலாம். பங்கு வீடுகளும் அந்த 35க்குள்தான் எண்ணப்படுகின்றன. செக்‌ஷன் 106 ஒப்பந்தத்தில், அதாவது அனுமதிக்காகக் கட்டுபவர் கவுன்சிலோடு செய்யும் ஒப்பந்தத்தில், இதெல்லாம் எழுத்தில் இருக்கும். விற்பனை அலுவலகத்தில் "இளம் குடும்பங்களுக்காகவே கட்டியது" என்று சொன்ன வீடு, அனுமதி எடுப்பதற்காகக் கொடுத்த பங்கு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் தெரிந்து வாங்குவது நல்லது.

அப்புறம் அனுமதியின் நிபந்தனைகளைப் பாருங்கள். விளையாட்டு இடம், நட்ட மரங்கள், உள்ளே ஓடும் தெரு, தெரு விளக்கு, மழைநீர்த் தொட்டி, எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே வெப்ப நிலையம். இவற்றை யார் காலத்துக்கும் பராமரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருப்பார்கள். கவுன்சில் பொறுப்பெடுக்கும் தெரு என்றால் செலவு கவுன்சிலுடையது. "முகாமை நிறுவனம் பராமரிக்கும்" என்று இருந்தால், அந்த நிறுவனத்துக்குக் காசு கட்டுவது அங்கே இருப்பவர்கள். நாங்கள் பார்த்த தொகுதியில் அநேகமாக எல்லாமே இரண்டாவது வகை. கவுன்சில் வரியும் முழுதாகக் கட்டி, வாசல் தெருவுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். வெப்ப நிலையத்தைப் பற்றியும் ஒரு சொல்: வீட்டுக்கு நேரே வரும் எரிவாயு, மின்சாரத்துக்கு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் வைக்கும் விலை உச்சவரம்பு இப்படிப் பொதுவாக வரும் சூட்டுக்குப் பொருந்தாது. பிடிக்கவில்லை என்று வேறு கம்பனிக்கு மாறவும் முடியாது.

சரி, கவுன்சில் பக்கம் குறையே இல்லையா? இருக்கிறது. எங்கள் குளியலறையில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்தது. திருத்த ஏழு மாதம் எடுத்தார்கள். சின்னவனுக்கு இருமல். அந்த ஏழு மாதமும் எனக்கு இன்னும் ஆறவில்லை. ரொச்டேலில் 2020இல் இரண்டு வயதுப் பிள்ளை அவாப் இஷாக் பூஞ்சணத்தால் இறந்த பிறகு வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை, கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாளுக்குள் விசாரணை. முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள்.

கவுன்சிலின் கண்டிப்பைப் பற்றியும் எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். முதல் 12 மாதம் பரீட்சைக் காலம் மாதிரி. அதன் பிறகு பாதுகாப்பான ரெனன்சி. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எழுப்ப முடியாது. அதிகாரி அடையாள அட்டை பார்க்க வருவார், வரட்டும். முழு வீட்டையும் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டால் ரெனன்சியின் பாதுகாப்பு போய்விடும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், சிறைக்கும் போகலாம். ஓர் அறையில் ஆள் வைத்திருப்பது வேறு, பாதுகாப்பான ரெனன்சியில் அதற்கு இடமுண்டு. அம்மாவைப் பார்க்க ஆறு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கவுன்சிலுக்கு முன்பே எழுதுங்கள், திரும்பி வரும் திகதியையும் எழுதுங்கள். வீடு உங்கள் பிரதான வீடாக இல்லை என்று அவர்கள் நினைத்தால் பிரச்சினை அங்கேதான் தொடங்கும். இந்த விதிகள் எல்லாம் முதல் நாளே கையில் தரப்படுகின்றன. அதனால் எனக்கு இந்தக் கண்டிப்பு, அடுத்த வருட சேர்விஸ் சார்ஜ் கடிதத்தைவிட இலகுவாகத் தாங்கக்கூடியது.

உண்மையான பயம் ஒன்று உண்டு: இடிப்பு. எலிஃபன்ட் அண்ட் காசில் பக்கம் ஹேகேட் குடியிருப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை இடித்துக் கட்டிய புதுத் தொகுதியில், பழைய கவுன்சில் வாடகை மாதிரியான வீடுகள் சிறு பங்குதான். 2018 ஜூலைக்குப் பிறகு, மேயரின் நிதியோடு குடியிருப்பை இடித்து 150 வீடோ அதற்கு மேலோ கட்டுவதென்றால் பொதுவாக அங்கே இருப்பவர்களின் வாக்கெடுப்பு வேண்டும். அது வந்தால் கட்டாயம் வாக்குப் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்குக் கவுன்சில் வீடு நல்ல பதில் தராது. 2012 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய ரெனன்சி சட்டப்படி கணவன், மனைவி அல்லது கூட வாழும் துணைக்குத்தான் தானாகப் போகும். இருக்கும் கவுன்சில் வீட்டை விலைக் கழிவோடு வாங்கும் உரிமையும் சுருங்கிவிட்டது. 2024 நவம்பர் 21 முதல் லண்டனின் பெரும்பாலான கவுன்சில்களில் கழிவு அதிகபட்சம் 16,000 பவுண்தான். இந்த இடத்தில் மச்சான் சொல்வது சரி. அவருடைய 25 சதவீதம் அவருடையது. அதை விற்பது எவ்வளவு சுலபம் என்று நான் விற்றுப் பார்த்ததில்லை, அவரும் இன்னும் விற்கவில்லை. வீடமைப்புச் சங்கத்துக்கு முதலில் சொல்லி, அவர்கள் ஆள் தேடும் வாரங்கள் கழிந்த பிறகுதான் வெளியில் விற்கலாம். வாங்க வருபவரும் சேர்விஸ் சார்ஜைக் கேட்காமல் விடமாட்டார் என்பது என் எண்ணம்.

எங்களுக்கு மற்றொரு கணக்கும் இருந்தது. பங்கு வீட்டுக்குப் போவதென்றால் ரெனன்சியைக் கையளிக்க வேண்டும். பிறகு கட்ட முடியாமல் போனால் திரும்பி வர இடமில்லை. பங்கு வாங்க முன்பணத்துக்கு என்று சேர்த்த 10,000 பவுணை அப்படியே விட்டிருக்கிறோம். மூன்று அறை வீட்டோடு மாற்றிக்கொள்ளப் பரஸ்பர மாற்றுத் தளத்தில் பதிந்திருக்கிறோம், இதுவரை இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். மச்சான் இந்த வருட சேர்விஸ் சார்ஜுக்கான பற்றுச்சீட்டுகளைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம்.