ஜிகினாத் தாளா, மஞ்சப்பையா?

தீபாவளிப் பரிசைச் சுற்ற ஜிகினாத் தாள் பார்வைக்கு அள்ளும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரிக்கும் அந்த ஒரு நிமிடம்தான் அதன் ஆயுள். பல தாள்களில் பளபளப்பது அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலம். பழைய பேப்பர் கடைக்காரர்கூட ஒதுக்கிவிடுவார். கசக்கிப் பாருங்கள்: கையை எடுத்ததும் விரிந்துகொண்டால் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

மஞ்சப்பைக்குச் செலோடேப்பே வேண்டாம். வாயைச் சணல் கயிற்றால் கட்டி, இரண்டு மாவிலை செருகினால் போதும். மறுநாளே அதில் கத்தரிக்காய் வாங்கப் போகலாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, அதைத் தூக்கிப்போகும் கூச்சமும் குறைந்திருக்கிறது. ஒரே குறை, உள்ளே இருப்பதைப் புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தைக்குப் புடவை என்றால் சரி. குழந்தைக்குப் பொம்மை என்றால் பழைய நாளிதழில் ஒரு சுற்று சுற்றி உள்ளே வையுங்கள்.