வரிப் பாரம் (படிவம்) நிரப்பித் தருவதாகச் சொன்ன கடையில் 1,550 வெள்ளி போனது: தயவுசெய்து படியுங்கள்

போன வாரம்தான் உண்மை தெரிய வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்காத நிலையில் இதை எழுதுகிறேன். மலேசியாவின் பேரா மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறு பட்டணத்தில், ஒளிநகல், சாலை வரி, எஸ்.எஸ்.எம். தொழில் பதிவு, வருமான வரி என்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் செய்து தரும் ஒரு கடையில் நானும் என் கணவரும் 1,550 வெள்ளியை (ரிங்கிட்) பறிகொடுத்திருக்கிறோம். போலீஸ் புகார் கொடுத்து விசாரணை நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரிக் கடைகள் எல்லாத் தோட்டப்புறப் பட்டணங்களிலும் இருப்பதால், நடந்ததைச் சொல்லிவிட்டு, பாரம் நிரப்பப் போகிறவர்களுக்குச் சில யோசனைகளையும் சொல்கிறேன்.

என் கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். சம்பளத்திலேயே மாதாமாதம் வரி பிடித்துவிடுவார்கள். அவருக்கு உரியது பிஇ பாரம், அதை இணையம்வழி அனுப்ப மே 15 வரை நேரம் உண்டு. நான் கல்யாணம், கோயில் திருவிழா, பிறந்தநாள் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழிலைப் பதிவு செய்து நடத்துவதால் எனக்கு பி பாரம், இணையம்வழி என்றால் ஜூலை 15 வரை. இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்று மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கடைக்குப் போனோம்.

அந்தக் கடைக்காரரின் அம்மாவும் என் அம்மாவும் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அதனால் அவர் எனக்குத் தம்பி முறை. நான் கொண்டுபோன 555 குறிப்புப் புத்தகத்தை, அதில் ஒவ்வொரு ஆர்டரையும் முன்பணத்தையும் நான் பென்சிலால் குறித்து வைத்திருந்ததை, அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அரிசி, எரிவாயு, வாழையிலை வாங்கிய ரசீதுகளில் மை மங்கிப்போனவற்றைத் தனியே எடுத்து, "இதையெல்லாம் நகல் எடுத்து வச்சுக்குங்க அக்கா, வெயில் பட்டா எழுத்து போயிடும்" என்றார். பிறகு கால்குலேட்டரைத் தட்டி, செலவும் கழிவுகளும் போக என் வரிக்குரிய வருமானம் 40,000 வெள்ளி, முதல் 35,000 வெள்ளிக்கு வரி 600, மிச்சமுள்ள 5,000 வெள்ளிக்கு 6 விழுக்காடு வீதம் 300, ஆக மொத்தம் 900 வெள்ளி என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அந்தக் கணக்கில் ஒரு காசு பிழையில்லை என்பதை இப்போது விசாரித்து அறிந்திருக்கிறேன். சரியான கணக்கைக் காட்டித்தான் எங்கள் நம்பிக்கையை வாங்கியிருக்கிறார்.

வரிப் பணம் 900 வெள்ளி, என் பாரத்துக்குக் கூலி 450, கணவர் பாரத்துக்கு 200. மொத்தம் 1,550 வெள்ளி. "லெம்பாகாவுக்கு (வருமான வரி வாரியத்துக்கு) நானே கட்டிடுறேன், நீங்க ஈப்போவுக்கு அலைய வேணாம். நம்ம ஆளுங்க காசுல நான் கை வைப்பேனா அக்கா?" என்று அவர் கேட்டபோது என் கணவர் நெகிழ்ந்துபோய், மேசையிலிருந்த கியூஆர் அட்டையில் அங்கேயே பணத்தை அனுப்பினார். வாரியத்தின் இணையத் தளமான மைடெக்ஸில் எங்கள் கடவுச்சொல்லை, வேலை முடிந்ததும் அழித்துவிடுவதாகச் சொல்லி, அவரே வாங்கிக் குறித்துக்கொண்டார்.

சமையல் சாமான் ஏற்ற ஒரு வேன் வாங்கலாம் என்று வங்கியில் கடன் கேட்டபோது, அனுப்பிய பி பாரத்தின் பிரதியும் வரி கட்டிய ரசீதும் வேண்டும் என்றார்கள். அங்கிருந்துதான் அலைக்கழிப்பு தொடங்கியது. ரசீது கேட்டால், "சிஸ்டத்துல இன்னும் ஏறலை அக்கா, ரெண்டு வாரம் பொறுங்க" என்றார். பொறுத்துவிட்டுப் போனால், முகப்பிலிருந்த பெண், "போஸ் கேஎல் போயிருக்கார்" என்றாள். அவர் கார் கடை வாசலில்தான் நின்றது. வாட்சாப் செய்திகளுக்கு நீலக் குறி விழுந்ததே தவிர ஒரு வரி பதில் வரவில்லை. மைடெக்ஸில் நாங்களே நுழைந்து பார்க்க முயன்றால் கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது; பதிவிலிருந்த கைப்பேசி எண்ணும் எங்களுடையது அல்ல.

கடைசியில் ஈப்போவிலுள்ள வருமான வரி வாரியக் கிளைக்கே போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக எங்கள் கணக்கை மீட்டுத் தந்து, திரையைத் திருப்பிக் காட்டினார். என் பெயரில் அனுப்பப்பட்ட பாரத்தில் தொழில் வருமானம் வெறும் 18,000 வெள்ளி! அந்த எண் என் 555 புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்குள் இருந்தால் கிடைக்கும் 400 வெள்ளித் தள்ளுபடியோடு சேர்த்து என் வரி சுழியம் என்று காட்டியிருக்கிறார்கள். வரியே இல்லை என்றாக்கிவிட்டு, வரிக்கென்று வாங்கிய 900 வெள்ளியைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறார்கள். கணவர் பாரத்தில், பெற்றோரின் மருத்துவச் செலவு என்று 8,000 வெள்ளி கழிவு கேட்டிருந்தார்கள். என் மாமனாரும் மாமியாரும் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தப் பதிவைப் பார்த்ததும் என் கணவர் பேச்சற்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் கழிவின் பேரில் அவர் கணக்குக்குத் திரும்பி வந்த வரிப் பணத்தையும் இப்போது திருப்பிக் கட்ட வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் நேரே கடைக்குப் போய்க் கேட்டோம். அக்கா என்று வாய் நிறைய அழைத்த அதே வாயால் அவர் சொன்னது இது: "கேஸ் போடணும்னா போட்டுக்குங்க. பாரத்துல இருக்கறது உங்க பேரு, என் பேரு இல்ல." சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி தவறான பாரத்துக்குப் பெயருக்குரியவரே பொறுப்பு. குறைத்துக் காட்டிய வரிக்குச் சமமான தொகை வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. 1,550 வெள்ளி போனதற்கு மேல், உண்மையான வரியையும் மீண்டும் நாங்கள்தான் கட்ட வேண்டும். அடுப்படியில் நின்று சம்பாதித்த 1,550 வெள்ளி!

யோசனைகள் சொல்வதாகச் சொன்னேன். விரிவாக எழுத இப்போது மனம் கூடவில்லை, அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். வரிப் பணத்தை எவர் கையிலும் கொடுக்காமல், உங்கள் வரி எண்ணைப் போட்டு, வாரியத்தின் வரி கட்டும் தளமான பைர்ஹாசிலில் நீங்களே கட்டுங்கள். கூலி கொடுத்துச் செய்வதாக இருந்தால், அவர் உரிமம் பெற்ற வரி முகவரா என்று வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். கடைப் பலகையில் எழுதியிருப்பது உரிமம் ஆகாது. அனுப்பும் முன் பாரத்தைக் கண்ணால் பார்த்து, அனுப்பியதும் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கடையில் இந்த வருடம் பாரம் கொடுத்தவர்கள் இன்றைக்கே மைடெக்ஸில் நுழைந்து, எழுதியிருக்கும் வருமானமும் கழிவும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். நுழைய முடியவில்லை என்றால் அடையாள அட்டையோடு வாரியக் கிளைக்குப் போங்கள். கெடு தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருத்தப் பாரம் கொடுக்கலாம் என்று அந்த அதிகாரி சொன்னார். நாங்கள் அதற்கான கணக்கைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறோம்.