எந்த கோச்சின் சொல் அம்பலம் ஏறும்?

நியூ ஜெர்சியில் நீச்சல் மீட் என்றால் காலை ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். குளோரின் வாடைக்கு நடுவே ஃபிளாஸ்க் காபி, டப்பாவில் தயிர்சாதம், பக்கத்தில் நம்மூர் அப்பாக்கள். ஆறு வருடமாக அந்த பெஞ்சில் அடிபடும் பேச்சு ஒன்றுதான்: "நல்லா நீந்தினா ஹார்வர்டு கிடைச்சிடுமாமே?"

அந்தப் பேச்சு சும்மா கிளம்பவில்லை. ஹார்வர்டு மீதான அட்மிஷன் வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, கோச் ரெக்ரூட் செய்த, அதாவது தன் அணிக்கென்று தேர்ந்தெடுத்த, விண்ணப்பதாரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு சுமார் 6 சதவீதம்தான். ஆனால் அந்த 86 வடிகட்டிய பிறகு எண்ணியது. அட்மிஷன் ஆபீஸ் தலையாட்டும் என்று தெரிந்த பிள்ளைகளைத்தான் கோச் விண்ணப்பிக்கவே சொல்கிறார். வடிகட்டியில் தங்கிப்போனவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

என் மகள் 200 யார்டு பிரெஸ்ட்ஸ்ட்ரோக். நேரம் 2:17, அதாவது 2 நிமிடம் 17 விநாடி. போன வருடம் முழுக்க அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நான்கு வகைக் கல்லூரிகளை எடைபோட்டோம்.

ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் முதல் வகை. 1954 ஒப்பந்தத்திலிருந்து அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. கோச்சுக்கு இத்தனை இடம் என்று அளவு உண்டு. அதோடு அகடமிக் இண்டெக்ஸ் என்று ஒரு கணக்கு, ஸ்கூல் மதிப்பெண்ணையும் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மார்க்கையும் சேர்த்துப் போடுவது. மின்னல் வேகத்தில் நீந்தும், ஆனால் மதிப்பெண் குறைந்த ஒரு பிள்ளையை எடுத்தால், சராசரியைத் தூக்க நன்றாகப் படிக்கும் இன்னொரு பிள்ளையைத் தேட வேண்டும். 2:17 ஐவியில் ஓரத்தில் நிற்கும் நேரம். இப்படி ஓரத்தில் நிற்பவர்களுக்கு எஸ்ஏடி மார்க் கைகொடுப்பது இந்தக் கணக்கால்தான்.

பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல், கல்லூரி விளையாட்டின் மேல் மட்டமான டிவிஷன் ஒன்றின் கோச்சுகள் (ஐவியும் இதில்தான்) பிள்ளைகளோடு பேச ஆரம்பிக்கலாம். ஏமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்து லேனில் நீந்தும் பையன் ஒருவனிடம் ஒரு கோச் கோடை முழுக்க "எங்க லிஸ்ட்ல நீ டாப்ல இருக்கே" என்றார். செப்டம்பரில் மெயிலுக்குப் பதில் நின்றது. கல்லூரிப் பெயர் வேண்டாம். "லிஸ்ட்டில் இருக்கிறாய்" என்பது வேறு, "உனக்காக அட்மிஷன் ஆபீஸில் பேசிவிட்டேன்" என்பது வேறு என்று அன்றைக்குத்தான் எங்கள் பெஞ்சுக்கே உறைத்தது. இரண்டாவதைச் சொன்னால்கூட, இடம் ஏறக்குறைய உறுதி என்று அக்டோபர் 1 முதல் ஐவி கல்லூரிகள் அனுப்பும் லைக்லி லெட்டர் கைக்கு வரும்வரை எதையும் நம்புவதற்கில்லை. அது அட்மிஷன் ஆபீஸே எழுதித் தருவது.

இரண்டாவது வகையான ஸ்டான்ஃபோர்டு, டியூக் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு, ஒலிம்பிக் வீராங்கனை கேட்டி லெடெக்கி நீந்திய தண்ணீர் ஸ்டான்ஃபோர்டுடையது, எங்கள் மெயிலுக்குப் பதிலே வரவில்லை. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஓர் அணிக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் வந்துவிட்டது, நீச்சலுக்கு 30. கடைசி நாலைந்து இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதனால் இடம் சுருங்கியது. 2020-ல் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக ஸ்டான்ஃபோர்டு அறிவித்ததும், அடுத்த வருடம் அதைத் திரும்பப் பெற்றதும் தனிக் கதை.

மூன்றாவது வகையைத்தான் நம்மவர்கள் கண்டுகொள்வதில்லை. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், போடன், மிடில்பரி, டஃப்ட்ஸ் உள்ளிட்ட 11 கல்லூரிகளின் நெஸ்காக் என்ற விளையாட்டுக் கூட்டமைப்பு. பேரைச் சொன்னால் "அது எங்கே இருக்கு? ஊர்ல யாருக்குத் தெரியும்?" என்பார்கள். அவற்றில் முன்னணியில் இருப்பவற்றின் அட்மிஷன் ஐவிக்கு இளைத்ததில்லை. டிவிஷன் மூன்று என்பதால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை. ஆனால் ஆம்ஹர்ஸ்டும் போடனும் வெளிநாட்டு மாணவர்களுக்குக்கூடப் பணவசதி பார்க்காமல்தான் இடம் தருகின்றன. 2:17 அங்கே மேடையேறும் நேரம். எனக்கு மிகவும் பிடித்தது ப்ரீ-ரீட் என்ற ஏற்பாடு. பதினொன்றாம் வகுப்பு முடிந்த ஜூலையில் மார்க் ஷீட்டை கோச் வாங்கி அட்மிஷன் ஆபீஸில் கொடுத்து அபிப்பிராயம் கேட்கிறார். முடியுமா முடியாதா என்பது கோடையிலேயே ஏறக்குறையத் தெரிந்துவிடும். பதிலுக்கு நவம்பரில் எர்லி டிசிஷன் போட வேண்டும். கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டும், நாலு இடத்து உதவித்தொகையை ஒப்பிட்டுப் பேரம் பேச முடியாது. சம்பளக்காரக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

நான்காவது வகை எம்ஐடி. அங்கே கோச்சுக்கென்று ஒதுக்கிய இடமே கிடையாது. சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான். விளையாட்டு மட்டம் என்று அர்த்தமில்லை: 2025-ல் டிவிஷன் மூன்று தேசியப் பட்டத்தை வென்றது எம்ஐடி பெண்கள் நீச்சல் அணி. இன்னொரு கோடியில் கலிஃபோர்னியாவின் தொழில்நுட்பக் கல்லூரி கால்டெக். அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி லீக் ஆட்டங்களில் வரிசையாக 310 தோற்று, 2011-ல் ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46–45 என்று வென்றபோது நாடே கைதட்டியது. எம்ஐடி கோச் எங்களிடம் நேராகவே சொன்னார்: "நான் கடிதம் எழுதுவேன், ஆனா அதை நம்பி மத்த இடத்தை விட்டுடாதீங்க." இத்தனை பேரில் மனதைத் தொட்டவர் அவர்தான், கையில் அதிகாரம் இல்லாதவரும் அவர்தான்.

கோச்சின் பட்டியலுக்கு எவ்வளவு வலு என்பதை 2019-ல் வெடித்த வர்சிட்டி புளூஸ் மோசடியே காட்டியது. யேல் மகளிர் கால்பந்து கோச், ஸ்டான்ஃபோர்டு பாய்மரப் படகு கோச் எல்லாம் சிக்கினார்கள். விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டி உள்ளே அனுப்பும் ஏற்பாடு அது.

சென்னையிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கிருந்து வருபவர்களுக்கு நீச்சலைவிட ஸ்குவாஷில் வழி அதிகம். அமெரிக்காவில் அதைத் தீவிரமாக ஆடும் கல்லூரிகள் கொஞ்சம், அதில் ஐவியும் நெஸ்காக்கும் முன்னணி. சேலத்து வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவுக்கு ஆடியவர். நெஸ்காக்கின் டிரினிட்டி கல்லூரி ஆண்கள் அணி, வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்துத்தான் 252 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றது.

மகள் இப்போது எந்த கோச் போன் செய்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறாள்: "போன வருஷம் நீங்க சிபாரிசு செஞ்சதில் எத்தனை பேருக்குக் கிடைச்சது?" ஒருவர் சிரித்து மழுப்பினார். ஒருவர் பேச்சை மாற்றி புது ஜிம்மைப் பற்றிச் சொன்னார். நெஸ்காக் கோச் ஒருவர் மட்டும் தயங்காமல், "எட்டு பேர், ஏழு பேர் உள்ளே" என்றார். ஜூலை முதல் வாரம் மார்க் ஷீட் அவருக்குப் போயிருக்கிறது. கெமிஸ்ட்ரியில் ஒரு பி ப்ளஸ் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.